ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு நீளமான யுஎஸ்பி கேபிள்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்கில் விழக் கூடாதென்று மைக்கை அடுத்த அறைக்குக் கொண்டுபோகிறவர்கள், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸையும் கூடவே கொண்டுபோய் 10 மீட்டர் யுஎஸ்பி கேபிள் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

1. எந்த கேபிளை நீட்டுவது?

முடிந்தவரை யுஎஸ்பியை நீட்டாதீர்கள். இன்டர்ஃபேஸ் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளை நீட்டுங்கள். அது பேலன்ஸ்டு கேபிள் (ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் நேரெதிராக அனுப்புவது) என்பதால் வழியில் சேரும் இரைச்சல் இன்டர்ஃபேஸில் கழிந்துவிடும். 30 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. கண்டென்சர் மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமான பேன்டமும் அதிலேயே போய்ச் சேரும். தனியாக ரெக்கார்ட் செய்கிறவர், மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. அளவெடுங்கள்

சுவரோரமாக, கதவைச் சுற்றி கேபிள் போகும் வழியிலேயே டேப் பிடியுங்கள். யுஎஸ்பி 2.0 சாதாரண கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. இரு முனையும் டைப்-சி என்றால் 4 மீட்டர். கம்ப்யூட்டர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஓர் அளவு உண்டு. நீளம் கூடினால் பதில் தாமதமாகும், அதனால் விலையுயர்ந்த செம்பு இதைச் சரிசெய்யாது. தங்க முலாமும் அப்படித்தான். வேகமும் இங்கே பிரச்சினை இல்லை: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 4.6 மெகாபிட் போதும். கேபிளின் வேகமோ 480.

3. கேபிள் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

யாரும் பார்க்காத இடம் இது. உறையில் பொடி எழுத்தில் '28ஏடபிள்யூஜி/1பி 24ஏடபிள்யூஜி/2சி' என்பதுபோல் அச்சிட்டிருக்கும். ஏடபிள்யூஜி என்பது கம்பித் தடிமனின் அளவு. முதல் எண் டேட்டா கம்பிகளுக்கு, இரண்டாவது கரன்ட் கம்பிகளுக்கு. எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 5 மீட்டர் கேபிளில் 500 மில்லிஆம்பியர் போகும்போது, கரன்ட் கம்பியும் 28 என்றால் 5 வோல்ட்டில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 24 என்றால் சுமார் 0.4, 20 என்றால் 0.2-க்கும் கீழே. பேன்டம் பட்டனை அழுத்தியதும் இன்டர்ஃபேஸ் அணைந்து மறுபடி ஆன் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தனி அடாப்டர் உள்ள இன்டர்ஃபேஸுக்கு இந்தக் கவலை இல்லை.

4. 5 மீட்டருக்கு மேல் வேண்டுமா?

நடுவில் சிப் வைத்த ஆக்டிவ் கேபிள் வாங்குங்கள். கூடுதல் கரன்ட் கொடுக்க அதில் அடாப்டர் துளை இருந்தால் நல்லது. அதைவிடத் தூரம் என்றால் கேட்-6 நெட்வொர்க் வயரில் ஓடும் எக்ஸ்டெண்டர். மலிவானவற்றில் பல 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும்; '480' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

5. சுவரில் அடிக்கும் முன் சோதியுங்கள்

பென் டிரைவில் ஃபைல் ஒழுங்காகக் காப்பியானதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபைலில் பிழை வந்தால் கம்ப்யூட்டர் அந்தத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆடியோவில் அந்த வசதி கிடையாது. போனது போனதுதான், 'டிக்' என்று கேட்கும். பேன்டத்தைப் போட்டு அரை மணி நேரம் ரெக்கார்ட் செய்து ஹெட்போனில் கேளுங்கள். இன்டர்ஃபேஸோடு வந்த குட்டி கேபிளிலும் அதே 'டிக்' வந்தால் கேபிளைத் திட்டாதீர்கள், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் (ஆடியோவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) அளவைக் கூட்டிப் பாருங்கள்.