ஸ்போர்ட்ஸ் செடானுக்குக் கூடுதல் பணம் தரலாமா? கணக்கு தப்பும் இடங்கள்

ஒரே மாடல் கார். ஒன்றில் சாதாரண என்ஜின், இன்னொன்றில் வேகமான என்ஜின். நடுவில் பத்துப் பன்னிரண்டு லட்சம் வித்தியாசம். இந்தப் பணத்துக்கு அது தகுமா என்று யோசிப்பவர்களில் பலர் முதலில் தேடுவது பூஜ்ஜியத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்பதைத்தான். முடிவு தவறிப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸையே எடுத்துக்கொள்வோம். 2023 தொடக்கத்தில் சாதாரண என்ஜின் கொண்ட 330எல்ஐ காரின் ஷோரூம் விலை 57.90 லட்சம், வேகமான எம்340ஐ காரின் விலை 69.20 லட்சம். பிறகு விலைகள் மாறிவிட்டன, ஆனால் கணக்குப் போடும் முறையைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் போதும். நூறைத் தொட முதலாவதற்கு 6.2 வினாடி, இரண்டாவதற்கு 4.4 வினாடி என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. இரண்டு வினாடிகூட இல்லாத இந்த இடைவெளிக்கு 11.30 லட்சம் என்று பார்த்தால் யாருக்கும் நியாயமாகத் தெரியாது. வினாடிதான் வேண்டும் என்றால் 2024-இல் 53 லட்சத்துக்கு வந்த பிஒய்டி சீல் பெர்ஃபாமன்ஸ் மின்சார கார் 3.8 வினாடியில் நூறைத் தொட்டுவிடுகிறது. நேர்க்கோட்டு வேகம் இன்று மலிவாகிவிட்டது. அதற்காக மட்டும் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குவது வீண் செலவு என்றுதான் சொல்வேன்.

குதிரைத்திறன் எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். எம்340ஐ 2021-இல் இந்தியாவுக்கு வந்தபோது 387 குதிரைத்திறன். 2022 இறுதியில் வந்த புதுப்பித்த காரில் 374. குறைத்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் சக்கரங்களைச் சுழற்றும் முறுக்குவிசை இரண்டிலும் 500 நியூட்டன் மீட்டர், நூறைத் தொடும் நேரமும் அதே 4.4 வினாடி.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? இந்த இரண்டு கார்களும் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில்தான் அசெம்பிள் ஆகின்றன. அதனால் விலை வித்தியாசத்துக்கு இறக்குமதி வரியைக் காரணம் சொல்ல முடியாது. பணம் போவது இரும்புக்கு. 330எல்ஐ-யில் நான்கு சிலிண்டர், 2 லிட்டர் என்ஜின். எம்340ஐ-யில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 3 லிட்டர். அப்புறம் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, பின் அச்சில் எலக்ட்ரானிக் முறையில் பூட்டும் டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் பலத்தைப் பங்கிடும் பாகம்), பெரிய பிரேக்.

ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் இருக்கும்போது பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். நான்கு சிலிண்டரில் அப்படி முழுமையாக நடக்காது. மிஞ்சும் அதிர்வை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட் என்று தனியாகச் சுழலும் தண்டுகள் தேவைப்படும். இந்த வித்தியாசம் தெரிய 200 கி.மீ. வேகத்தில் போக வேண்டியதில்லை. காலையில் அலுவலகத்துக்கு 50, 60-இல் போகும்போதே மிதியை லேசாக அழுத்தினால் தெரியும். டிஃபரென்ஷியலும் அப்படித்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் என்ஜினின் முழு பலத்தையும் ஒரு நொடிகூடப் பயன்படுத்த இடமில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் கார் எப்படி வெளியே வருகிறது என்பது கையில் தெரியும். எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: நான் நிஜமாக ஓட்டும் வேகத்தில் இந்தக் கூடுதல் பாகங்கள் எனக்குத் தெரிகின்றனவா, தெரிந்தால் அது எனக்கு முக்கியமா? இரண்டுக்கும் ஆம் என்பவருக்கு அந்த விலை நியாயம். அவரைப் பார்த்து வீண் செலவு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் பணம் இரும்புக்கே போவதில்லை. 2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு வந்தது. 265 குதிரைத்திறன், நல்ல கார். ஆனால் முழுசாக இறக்குமதி, மொத்தம் நூறே கார்கள். அந்த விலையில் கணிசமான பங்கு சுங்க வரி. அது தெரிந்து வாங்கினால் சரி, தெரியாமல் வாங்கிவிட்டு வேறு காரோடு ஒப்பிட்டு வருந்தக் கூடாது.

பின்னால் ஒட்டியிருக்கும் பேட்ஜைப் பார்த்து மயங்குவது இன்னொரு பெரிய தவறு. பிஎம்டபிள்யூ-வில் எம் ஸ்போர்ட் என்றால் பம்பர், ஸ்டியரிங், சீட், சில சமயம் சஸ்பென்ஷன். என்ஜின் மாறாது. எம்340ஐ அதற்கு ஒரு படி மேலே, எம்3 அதற்கும் மேலே தனி என்ஜினோடு. ஃபோக்ஸ்வேகன் விர்டஸிலும் ஜிடி லைன் என்று வருவது 1 லிட்டர், 115 குதிரைத்திறன் என்ஜின்தான். 150 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் என்ஜின் ஜிடி பிளஸில் இருக்கிறது. தோற்றத்துக்காகப் பணம் கொடுப்பது தப்பில்லை. ஆனால் என்ஜினுக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது.

இனி பணக் கணக்கு. ஷோரூம் விலைகளைக் கழித்து 11.30 லட்சம்தானே என்று நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். வித்தியாசத்துக்கும் அந்த வரி உண்டு. ஆக 11.30 என்பது ரோட்டுக்கு வரும்போது பதிமூன்றரை லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகையை மட்டும் 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 28,000 ரூபாய். இந்த எண்ணைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு மைலேஜைப் பற்றியே நடக்கிறது. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், ஒரு கார் லிட்டருக்கு 10 கி.மீ., இன்னொன்று 8 கி.மீ. தருகிறது என்று வையுங்கள். 250 லிட்டர் வித்தியாசம், ஏறத்தாழ 25,000 ரூபாய், அதுவும் ஒரு வருடத்துக்கு. அந்தக் கூடுதல் கடனின் ஒரு மாதத் தவணைக்கும் குறைவு. மதிப்புத் தேய்வு இதைவிடப் பெரிய செலவு. இன்சூரன்ஸ் அட்டவணைப்படி நான்கு முடிந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காருக்கு 50 சதவீதம் தேய்மானம். கூடுதலாகப் போட்ட பணமும் அதே வேகத்தில்தான் கரையும்.

டயரைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். எம்340ஐ-யில் முன்னால் 225, பின்னால் 255 மில்லிமீட்டர் அகலம். அளவு வேறாக இருப்பதால் முன்டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட வழியில்லை. 19 அங்குல சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் உயரம் ஒன்பது செ.மீ. அளவுதான். மழை முடிந்த மாதங்களில் நம் ஊர்ச் சாலைக் குழிகளுக்கு அது போதாது. ரிம் வளைந்தால் வரும் பில்லையும் கணக்கில் வையுங்கள்.

டெஸ்ட் டிரைவில் ஷோரூம் காட்டும் அகலச் சாலையில் ஸ்போர்ட் மோடில் ஐந்து நிமிடம் போய்விட்டுத் திரும்பினால் எந்தக் காரும் பிடித்துப்போகும். உங்கள் தெருவின் வேகத்தடைக்குக் கொண்டுபோங்கள். கம்ஃபர்ட் மோடிலேயே முழுக்க ஓட்டிப் பாருங்கள். அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். 330எல்ஐ-யின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம், எம்340ஐ-யைவிட 110 மில்லிமீட்டர் நீளம், அதனால் பின்சீட்டுக்காரர்களின் காலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் டிரைவர் ஓட்டி நீங்கள் பின்னால் உட்காருபவர் என்றால் மேலே சொன்ன ஆறு சிலிண்டர் வாதமே உங்களுக்குப் பொருந்தாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல யோசனை, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஒரு எச்சரிக்கை: இந்த என்ஜின்களை ஸ்டேஜ் 1 என்று மென்பொருள் மாற்றிப் பலம் கூட்டுவது வழக்கம். விற்கும்முன் பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். சர்வீஸ் வரலாறு முழுசாக இல்லாத காரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக்கில் ஓட்டுவேன், அதற்காகத்தான் வாங்குகிறேன் என்பவர்கள் முதலில் பாலிசியைப் படிக்க வேண்டும். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே இருக்கின்றன. அங்கே சுவரில் இடித்தால் செலவு உங்கள் கையிலிருந்து. வாரண்டி கையேட்டிலும் பந்தயப் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிரேக் பேடுக்கும் ஒரு செட் டயருக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிய பிறகு டிராக்கில் பதிவு செய்யுங்கள்.