உதடு பாட்டை விட்டு விலகாமல் பாடல் வீடியோ எடுப்பது எப்படி

பாடல் வீடியோவில் லைட்டிங் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வாயசைவு பாட்டோடு ஒட்டாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, ஒலி படத்தை விட 40 மில்லிசெக்கனுக்கு மேல் முந்தக் கூடாது, 60 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தக் கூடாது. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்கள், ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். செக்கனுக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கன். ஆகவே நமக்குக் கிடைக்கும் சலுகை ஒரு ஃபிரேம், மிஞ்சினால் ஒன்றரை.

பாட்டை முதலில் பதிந்துவிட்டு, அதை ஒலிக்கவிட்டு வாயசைக்கும் முறை 1930களிலேயே இந்திய சினிமாவுக்கு வந்துவிட்டது. 1940இல் அமெரிக்காவில் காசு போட்டால் ஓடும் பனோராம் இயந்திரம் வந்தது. ஒரு சுருளில் எட்டுப் பாடல் படங்கள். வருகிற பாட்டைத்தான் பார்க்கலாம். 1960இல் பிரான்ஸின் ஸ்கோப்பிட்டோனில் விரும்பிய பாட்டைத் தெரிவு செய்ய முடிந்தது. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, பாடல் வீடியோக்களுக்கென்றே அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. அதுவரை இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுப் பழகிய நம் ஊருக்கு 1979இல் ஐடிஎன் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சியும் வந்தன. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், நம் தொலைக்காட்சி முறை பால் (PAL), அதனால் செக்கனுக்கு 25 ஃபிரேம். இன்று யூடியூபுக்கு மட்டும் எடுத்தாலும் கொழும்பில் 25இல் எடுப்பதே நல்லது. காரணம் லைட், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை ஒலிக்கோப்பு. மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்த பாட்டை வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3யை வைத்துப் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வது வழக்கம். எடிட்டிங்கில் வேவ் போட்டதும் எல்லா ஷொட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். "மிக்ஸ் இன்னும் கொஞ்சம் மாறும்" என்று இசையமைப்பாளர் சொன்னால் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுங்கள். டெம்போ சற்று மாறினாலும் எடுத்தது வீண். கோப்பு கைக்கு வந்ததும் பாட்டுக்கு முன்னால் தாளத்துக்கு நான்கு கிளிக் சேருங்கள். பல்லவி, ஒவ்வொரு சரணம், இடையிசை என்று தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதே நான்கு கிளிக் வையுங்கள். இரண்டாம் சரணத்தைத் திரும்ப எடுக்க நேர்ந்தால் போனில் இழுத்து இழுத்துத் தேட வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். காலிமுகத்திடலில் ஸ்பீக்கரை 14 மீற்றர் தள்ளி வைத்தால் பாடகரின் காதுக்குப் பாட்டு ஒரு ஃபிரேம் பிந்தித்தான் போகும். ஆகவே ஸ்பீக்கர் பாடகரின் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே இருக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கர் 100 முதல் 300 மில்லிசெக்கன் வரை பிந்தலாம். பாடகர் கேட்கும் அதே ஸ்பீக்கர் ஒலியைக் கமராவும் பதிந்தால் இரண்டுக்கும் ஒரே தாமதம், பிரச்சினை இல்லை. போனிலிருந்து கேபிளில் கமராவுக்கும், புளூடூத்தில் பாடகருக்கும் பாட்டை அனுப்பினால் முழு வீடியோவும் பிந்திவிடும்.

கடற்கரைக் காற்றில் கமரா மைக்கில் காற்றிரைச்சல் மட்டுமே பதியும். எடிட்டிங் மென்பொருள் அந்த ஒலியலையைப் பாட்டின் ஒலியலையோடு பொருத்தத் திணறும். சின்ன ரெக்கோர்டரையோ இன்னொரு போனையோ துணியில் சுற்றி ஸ்பீக்கர் அருகே வைத்து, ஒவ்வொரு டேக்கிலும் பொருத்துவதற்கு அடையாளமாகக் கமரா முன் கை தட்டுங்கள். புறக்கோட்டையிலோ காலி வீதியிலோ ஓட்டோ, பஸ் ஹோர்ன் அடித்தால் கவலை வேண்டாம். அந்த ஒலி இறுதி வீடியோவில் வராது. பாடகருக்குப் பாட்டுக் கேட்டால் போதும்.

பாடகரை வாய் மட்டும் அசைக்க விடாதீர்கள், குரல் விட்டே பாடச் சொல்லுங்கள். மூச்சு இழுப்பதும் தொண்டை அசைவதும் இல்லாவிட்டால், உதடு சரியாக இருந்தும் பொய்யாகத் தெரியும். முழுப் பாட்டையும் தூர, நடு, குளோசப் என மூன்று முறை எடுத்த பின்பே அழகு ஷொட்டுகளுக்குப் போங்கள். நேரம் போதாமல் போனாலும் ஒரு வீடியோ கையில் இருக்கும்.

உடை மெதுவாக மிதக்க வேண்டும், வாய் மட்டும் சரியாகப் பாட வேண்டும் என்றால்: சுருதி மாறாமல் பாட்டை இரு மடங்கு வேகமாக்கி ஒலிக்கவிட்டு, 50 ஃபிரேமில் எடுத்து, எடிட்டிங்கில் 25 ஆக்குங்கள். மெலடிக்கு இது சரி. ராப்புக்கு வாய் ஈடுகொடுக்காது. அதற்கு 30இல் எடுத்து 25 ஆக்கி, பாட்டை 120 சதவீத வேகத்தில் விடுங்கள். பல கமராக்கள் 30 என்று சொல்வது உண்மையில் 29.97. நான்கு நிமிடப் பாட்டில் இது ஆறு ஃபிரேம் விலகல் தரும், ஆகவே சரணம் சரணமாகவே எடுங்கள். கமராவின் ஸ்லோமோஷன் மோட் பெரும்பாலும் ஒலியைப் பதியாது. சாதாரண 50 ஃபிரேம் மோடையே பாவியுங்கள். போனில் எடுப்பதானால் ஃபிரேம் ரேட்டை நிலையாகப் பூட்டும் ஆப் தேவை. போனின் சொந்தக் கமராவில் ரேட் கூடிக் குறையும், டேக் முடிவதற்குள் உதடு நழுவும்.

இப்போது லைட். 50 ஹேர்ட்ஸில் மின்விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்கும், அது 25 ஃபிரேமுக்குச் சரியாக வகுபடும். ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கனில் வையுங்கள். 1/60 வைத்தால் கடைத்தெரு எல்இடி பலகைகளில் பட்டை பட்டையாக ஓடும். வெளியில் வெயில் என்றால் ஷட்டர் வேகத்தைக் கூட்டாமல், லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியான என்டி ஃபில்டர் போடுங்கள். காலை 6.15 முதல் 8 வரையும், மாலை 4.45 முதல் சூரியன் இறங்கும் வரையும் முகத்துக்கு ஏற்ற வெளிச்சம். நடுப்பகல் வெயில் உச்சியில் நின்று கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழையை நினைத்துக் காலையிலேயே முடியுங்கள்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு ரயில்வே திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தில் ஏறி எடுக்காதீர்கள்: கடல் இரைச்சலும் உங்கள் ஸ்பீக்கரும் சேர்ந்தால் வரும் ரயில் கேட்காது.

எடிட்டிங்கில் முதலில் ஒலியலையை வைத்துச் சேருங்கள், பிறகு கண்ணால் பாருங்கள். தமிழில் ப, ம இரண்டும்தான் சரியான அடையாளம், இரண்டுக்கும் உதடு முழுதாக மூடும். வரியில் "அம்மா" என்று வந்தால், உதடு மூடிய ஃபிரேமை ஒலியில் "ம்" தொடங்கும் இடத்தில் வையுங்கள். சரணத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று பாருங்கள். முதலாவது பொருந்தி இரண்டாவது விலகினால் அது ஃபிரேம் ரேட் பிழை, கிளிப்பைத் தள்ளித் தீராது.

ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் வெட்டு, தாளத்தின் அடிக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வந்தால் தாளத்தில் விழுந்ததுபோல இருக்கும். 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 அடி) ஓர் அடி சரியாக 15 ஃபிரேம், 96இல் 15.6, ஆகவே வெட்டுகளை ஒரே இடைவெளியில் கொப்பி, பேஸ்ட் பண்ணிக்கொண்டே போனால் நழுவும். அடிக்கு அடி வெட்டாதீர்கள், பாடகரின் முகம் பதிய நேரம் வேண்டும்.

ஏற்றும்போது 25 ஃபிரேமை மாற்றாதீர்கள். 1080இல் எடுத்ததையும் 4கேயாக ஏற்றினால் யூடியூப் கூடிய தரத்தில் காட்டும். பாட்டை ஸ்பொட்டிஃபை போன்றவற்றுக்கு ஒரு விநியோகஸ்தர் மூலம் கொடுத்திருந்தால் யூடியூபில் பதிப்புரிமையைத் தானாகச் சோதிக்கும் கொன்டென்ட் ஐடி, உங்கள் வீடியோவுக்கே உரிமை கோரலாம். வெளியிடுவதற்குச் சில நாள் முன்பே உங்கள் சேனலின் இணைப்பை அந்த விநியோகஸ்தருக்கு அனுப்பி, விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.