வளர்கூம்பு சுருங்குவதைக் கண்ணால் பார்க்க

வளரும் நரம்பிழையின் நுனிதான் வளர்கூம்பு. அதைப் பார்க்க ஏழு நாள் அடைகாத்த கோழி முட்டை வேண்டும். கருவின் தண்டுவடத்தை ஒட்டி இருபுறமும் வரிசையாக உள்ள நரம்புமுடிச்சுகளை நுண்ணிடுக்கியால் பிரித்து, லாமினின் (இழைகள் பற்றி வளர உதவும் புரதம்) பூசிய தட்டில் வையுங்கள். தட்டில் ஊற்றும் வளர்ப்பு ஊடகத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணிப் புரதம் கட்டாயம் இருக்க வேண்டும். 37 டிகிரியில் ஓர் இரவு போதும்.

மறுநாள் நுண்ணோக்கியில் இழைநுனிகளைத் தேடுங்கள். விரித்த கைபோன்ற வளர்கூம்பு மெல்லிய விரல்களை நீட்டி நீட்டித் தரையைத் தடவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி! இப்போது செமாஃபோரின் 3ஏ சேருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பல கூம்புகள் சுருங்கிவிடும். கருவில் இழைகளை 'இந்தப் பக்கம் வராதே' என்று விலக்கும் புரதம் இது. 1993-இல் கோழி மூளையிலிருந்து பிரித்தவர்கள் கொலாப்சின் என்றார்கள்.

பிறகு, கூம்புகளை அந்த நிலையிலேயே நிறுத்திப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடை வெதுவெதுப்பாகவே, மெதுவாக ஊற்றுங்கள். குளிர்ச்சியும் கூம்பைச் சுருக்கிவிடும். ஒப்பிட, செமாஃபோரின் சேர்க்காத தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.