முள், காய், பட்டை: ராமநாதபுரக் கரையோர மரங்களை இனம் காண்பது

தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை சாலையோரம் நிற்கும் முள் மரங்கள் தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: நுணுங்கிய இலை, முள், ஏதோ ஒரு மஞ்சள் பூ. 'கருவை' என்று ஒரே பெயரில் முடித்துவிடலாம்தான். ஆனால் சீமைக் கருவேலத்தை அழிக்கப் போகிறவர்கள் உடை மரத்தையும் வெள்வேலையும் வன்னியையும் சேர்த்து வெட்டிவிடுவது இந்தக் குழப்பத்தால்தான். ஆகவே இங்கே முள் மரங்களுக்கே அதிக இடம், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் பிறகு.

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 15 செ.மீ. ஸ்கேல், படம் எடுக்க ஒரு செல்போன் இருந்தால் போதும். காலில் கனத்த அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ வேண்டும். ரப்பர் செருப்பைச் சீமைக் கருவேல முள் சாதாரணமாகத் துளைத்துவிடும்.

எடுத்த எடுப்பில் இலையைப் பார்க்காதீர்கள். முதலில் மரம் நிற்கும் இடம் (சேறா, மணலா, கண்மாய்க்குள்ளா), அடுத்து பட்டை, பிறகு முள் கிளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்பது, அதன்பின் காய். இலை கடைசியில்தான். காரணம் உண்டு. ஆடு கடித்த கிளையில் இலை சிறுத்துப்போகும். கரிமூட்டத்துக்கு வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கிளையில் இலையும் முள்ளும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே மரத்தின் இரண்டு கிளைகளே வேறு வேறு மரம்போல் காட்டும்.

சீமைக் கருவேலத்தை (வேலிக்கருவை, வேலிகாத்தான்) உறுதிப்படுத்துவது பூவும் காயும். பூ, 5 முதல் 10 செ.மீ. நீளத்தில் பச்சை கலந்த மஞ்சள் கதிராகத் தொங்கும். உருண்டையாக ஒருபோதும் பூக்காது. காய் வைக்கோல் நிறம், பெரும்பாலும் ஒரு சாண் நீளம், சதைப்பிடிப்பு, இனிப்பு, தானாக வெடிக்காது. முற்றிய இலையில் நடுக்காம்பிலிருந்து ஒன்று முதல் மூன்று ஜோடி கிளைக்காம்புகள்தான் பிரியும். அவற்றில் உள்ள சிற்றிலைகள் நீளவாக்கில், இடைவெளி விட்டு நிற்கும். முள் கணுவில் ஜோடியாக இருக்கும். ஆனால் முள்ளே இல்லாத கிளைகளும் உண்டு. 'முள் இல்லை, ஆகவே இது அதல்ல' என்று முடிவுகட்டக் கூடாது.

நாட்டுக் கருவேலத்தின் இடம் கண்மாய். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவை சரணாலயங்களில் கூடுகளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இவைதான். பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். பூ பளிச்சென்ற மஞ்சள் உருண்டை. காய் சாம்பல் நிறத்தில், மெல்லிய ரோமத்துடன், விதைக்கு விதை இறுகி மணி கோத்தது போல இருக்கும். இந்தக் காயைப் பார்த்துவிட்டால் வேறெதையும் சரிபார்க்கத் தேவையில்லை. முள் இதற்கும் ஜோடிதான், நேரானது, வெளுப்பு. கன்றில் நீளமாக இருக்கும், முதிர்ந்த மரத்தின் மேல்கிளைகளில் குறைந்துவிடும். ஆகவே சீமையையும் நாட்டையும் முள்ளை வைத்துப் பிரிக்க முயல்வது வீண்.

வெள்வேலுக்குப் பட்டையே அடையாளம்: மஞ்சள் கலந்த வெளுப்பு. வயதான மரத்தின் அடிப்பகுதி கறுத்து உரிந்திருக்கும் என்பதால், அண்ணாந்து நடுக்கிளைகளைப் பார்க்க வேண்டும். பூ வெளிர்மஞ்சள் உருண்டைகள்; கிளை நுனியில் பெரிய கொத்துகளாக இலைக்கு மேலே தூக்கி நிற்கும். சாராயம் காய்ச்சப் பயன்பட்ட பட்டை இதனுடையது.

உடை மரம்தான் இந்தக் கரைக்கே உரிய அழகு. தட்டையான குடை வடிவத் தலை, வெண்ணிறப் பூ உருண்டைகள், சுருண்டு வளைந்த காய். கணுக்களில் நீண்ட நேர் முள்ளும் குட்டையான வளைந்த முள்ளும் கலந்து வரும். இங்கே ஓர் எச்சரிக்கை: ராமேசுவரம் தீவிலும் தனுஷ்கோடிப் பக்கமும் கடற்காற்று எந்த மரத்தின் தலையையும் சாய்த்துத் தட்டையாக்கிவிடும். காற்று வெட்டிய மரம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். உடை எல்லாப் பக்கமும் விரிந்திருக்கும். அப்படியும் சந்தேகமென்றால் இரண்டு வகை முள்ளும் சுருண்ட காயும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வன்னியைச் சீமைக் கருவேலத்தோடு குழப்புவது அதிகம். வன்னிக்கும் பூ மஞ்சள் கதிர்தான். வித்தியாசம் முள்ளில்: வன்னியின் முள் சிறியது, அடி அகன்றது, கணுவில் ஜோடியாக நிற்காமல் இரு கணுக்களுக்கு நடுவே சிதறி முளைக்கும். விரலைக் கிளையோடு மெதுவாக ஓட்டினாலே தெரிந்துவிடும். கொடுக்காப்புளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓர் இலைக்கு நான்கே சிற்றிலைகள்.

பூக்காத, காய்க்காத காலமானால் மரத்தடியில் பழைய காயைத் தேடுங்கள். ஆனால் கண்மாய்க்குள் தண்ணீர் அடித்து வந்த காயும் கிடக்கும். கிளையில் ஒட்டியிருக்கும் ஒரு காய்ந்த நெற்றாவது கிடைத்தால்தான் அது சான்று. படம் எடுக்கும்போது முழு மரம், பட்டை, முள் கிளம்பும் கணு, இலையின் இரு பக்கம், பூ அல்லது காய் என ஐந்தும் வேண்டும். கணுப் படத்தில் ஸ்கேல் தெரியட்டும். இலையை மட்டும் படம் எடுத்துச் செயலியில் போட்டால் வருகிற பெயரை நம்பி அரிவாளை எடுக்க வேண்டாம்.

இனி சேற்று மரங்கள். பழகுவதற்கு நல்ல இடம் பாக் விரிகுடாக் கரையில் உள்ள காரங்காடு. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

இங்கே முதல் கேள்வி வேர். சேற்றிலிருந்து பென்சில் பருமனில் நேராக நிமிர்ந்த வேர்கள் மரத்தைச் சுற்றி நின்றால் அது வெண்கண்டல். இலை எதிரெதிராக, அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. வெயில் நாளில் மேற்பரப்பில் உப்புப் பொடி தெரியும். தண்டிலிருந்து வளைந்து இறங்கி ஊன்றி நிற்கும் வேர்கள் என்றால் சுரபுன்னை: இலை நுனியில் சிறு ஊசி, அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நீண்ட முளைக்காய். சேற்றை விட்டுச் சற்றே மேடான உவர் நிலத்தில், கிளை தாழ்ந்து, தடித்த எதிரிலைகளோடு இருந்து, கசக்கினால் கடுகுக் காரம் அடித்தால் உகாய். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இதுதான்.

ஆனால் கசக்குவதும் உப்புக் கரிக்கிறதா என்று நக்கிப் பார்ப்பதும், அது தில்லை மரம் அல்ல என்று தெரிந்த பிறகுதான். தில்லையின் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாக மறைக்கும். இலையைக் கிள்ளாமலேயே அதைக் கண்டுகொள்ளலாம்: இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும், உதிரும் முன் சிவக்கும், நிமிர்ந்த மூச்சுவேரோ ஊன்றுவேரோ இருக்காது. பால் பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். கண் என்றால் கழுவியபின் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ந்த தில்லை விறகை எரித்தால் அந்தப் புகையும் கண்ணைக் கெடுக்கும்.