ராத்திரி மேகத்தை லாங் எக்ஸ்போஷர்ல எடுக்குறது எப்படி: மொட்டை மாடி அனுபவம்

தென்காசி பக்கம் ஜூன், ஜூலைல சாரல் ஆரம்பிச்சதும் ராத்திரி 9 மணிக்கு மாடிக்கு போயி மேல பாத்தீங்கன்னா ஒண்ணும் பெருசா தெரியாது, சாம்பல் கலர்ல ஏதோ ஓடிட்டு இருக்கும் அவ்ளோதான். அதே வானத்துக்கு கேமராவ வெச்சு 2 நிமிஷம் ஷட்டரை திறந்து விட்டா ஒரு பக்கம் ஆரஞ்சு, நடுவுல வயலெட், மேல நல்ல நீலம்னு வந்து நிக்கும். முதல் தடவ எடுத்தப்ப கேமராதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு செட்டிங்க்ஸ் எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டேன், அப்பவும் அதே கலர்தான். கேமராவுல கோளாறு இல்ல, நம்ம கண்ணுதான் இருட்டுல கலர் பாக்காது. வெளிச்சம் கம்மியானா கண்ணுல வேலை செய்றது வேற செல்லு, அதுக்கு கருப்பு வெள்ளைதான் தெரியும். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்குற சென்சாருக்கு அந்த பிரச்சனை இல்ல, வர்ற வெளிச்சத்தை 2 நிமிஷம் சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும்.

நெறைய பேரு பண்ற தப்பு என்னன்னா எவ்ளோ இருட்டா இருக்குன்னு பாத்து ஷட்டர் டைம் வெக்கிறது. மேகத்துக்கு அப்படி வெக்கக் கூடாது, மேகம் எவ்ளோ வேகமா போகுதுன்னு பாத்து டைமை முடிவு பண்ணிட்டு வெளிச்சத்தை ஐஎஸ்ஓ (சென்சார் எவ்ளோ வெளிச்சமா காட்டணும்ங்குற அளவு), அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டை எவ்ளோ திறக்குதுங்குறது) ரெண்டையும் வெச்சு சரி பண்ணிக்கணும். இது ஒண்ணு பிடிபட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

வேகத்தை எப்படி பாக்குறது? கையை நேரா நீட்டி முஷ்டிய மூடிக்கோங்க, அந்த முஷ்டி அகலம் வானத்துல சுமாரா 10 டிகிரி. மேகத்தோட ஒரு ஓரம் முஷ்டியோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போக எத்தன செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க. 1 கிலோமீட்டர் உயரத்துல மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல ஓடுற மேகம் நேர் தலைக்கு மேல 17, 18 செகண்ட்ல ஒரு முஷ்டிய தாண்டிடும். உயரத்துல இருக்குற பஞ்சு இழை மேகம் எவ்ளோ வேகமா போனாலும் தூரம் ஜாஸ்திங்குறதால மெதுவா போற மாதிரிதான் தெரியும், அதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகும். எனக்கு பிடிச்ச அளவு 3ல இருந்து 5 முஷ்டி. அதாவது ஒரு முஷ்டிக்கு 20 செகண்ட்னா 60ல இருந்து 100 செகண்ட் ஷட்டர். அதுக்கு கம்மியா வெச்சா கை ஆடி எடுத்த போட்டோ மாதிரி இருக்கும், ரொம்ப ஜாஸ்தியா வெச்சா எல்லாம் கரைஞ்சு சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி ஆயிடும். மேகத்தோட உருவம் அப்படியே வேணும்னா 3, 4 செகண்ட்ல முடிச்சுடுங்க, நடுவுல நிக்கிறதுதான் ரெண்டுங்கெட்டான்.

இன்னொரு விஷயம், வானம் முழுக்க மூடி இருந்தா கேமராவ வெளிய எடுக்காதீங்க. இடைவெளி விட்டு விட்டு மேகம் ஓடணும், பாதி வானம் பாதி மேகம் இருந்தாதான் கோடு விழும்.

எந்தப் பக்கம் பாத்து வெக்கிறதுங்குறது செட்டிங்க விட முக்கியம்னு சொல்லுவேன். காத்து அடிக்கிற திசைக்கு குறுக்க வெச்சா மேகம் படுக்கை கோடா போகும், பாக்க சப்புன்னு இருக்கும். மேகம் வர்ற திசையையோ போற திசையையோ நேரா பாத்து வெச்சா தண்டவாளம் தூரத்துல ஒரு புள்ளில சேருற மாதிரி எல்லா கோடும் ஒரு இடத்துல இருந்து விசிறி மாதிரி விரியும். எங்க ஊர்ல இந்த சீசன்ல காத்து ஆரியங்காவு கணவாய் வழியா மேற்க இருந்து வருது, அதனால மேற்க பாத்தா மலைக்கு பின்னாடி இருந்து மேகம் வெடிச்சு வர்ற மாதிரி இருக்கும், ஆனா சாரல் நேரா லென்ஸ்ல அடிக்கும், 2 நிமிஷ எக்ஸ்போஷர்ல 30வது செகண்ட்லயே புள்ளி புள்ளியா ஆயிடும். கிழக்க பாத்து வெச்சா காத்து முதுகுல, லென்ஸ் காஞ்சு இருக்கும், விசிறியும் கிடைக்கும். மலை வேணுமா காஞ்ச லென்ஸ் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நான் பத்துல எட்டு நாள் கிழக்குதான். இதே காத்து தெக்க ஆரல்வாய்மொழி கணவாய் வழியாவும் வருது, முப்பந்தல் காத்தாலைகளை முன்னாடி வெச்சு எடுத்தா நல்லா இருக்கும், ஆனா 30 செகண்டுக்கு மேல போனா இறக்கை கரைஞ்சு கம்பம் மட்டும்தான் நிக்கும், அத நெனச்சுக்கிட்டு போங்க.

சரி, கலர் எங்க இருந்து வருது? முக்கியமா மூணு இடம். ஒண்ணு ஊர் வெளிச்சம். பழைய சோடியம் லைட்டு மேகத்தோட அடிவயித்துல பட்டு ஆரஞ்சா திரும்பி வரும், மேகம் எவ்ளோ தாழ இருக்கோ அவ்ளோ பளிச்னு இருக்கும். இப்ப நெறைய தெருவுல எல்இடி மாத்திட்டாங்க, அது வெள்ளையா வரும், ஆரஞ்சு போச்சேன்னு எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். பாதி மாத்தி பாதி மாத்தாத ஊருதான் லக்கு, ஒரே மேகத்துல ரெண்டு கலர். ரெண்டாவது நிலா. நிலா வெளிச்சம்ங்குறது திரும்பி வர்ற சூரிய வெளிச்சம்தான், அதனால நிலா இருக்குற ராத்திரி வானம் பகல் மாதிரியே நீலம், நம்ம கண்ணுக்குதான் தெரியல. இந்த நீலமும் ஊரோட ஆரஞ்சும் மேகத்துல கலக்குற இடத்துலதான் அந்த வயலெட் வருது. அரை நிலான்னா வெளிச்சம் பௌர்ணமில பாதின்னு நெனைக்காதீங்க, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான்.

மூணாவது சூரியன் மறைஞ்ச அப்புறம் இருக்குற வெளிச்சம். நம்ம பக்கம் சூரியன் சரிவா இல்லாம கிட்டத்தட்ட நேரா கீழ இறங்குறதால இது சட்டுன்னு முடிஞ்சுடும், அடிவானத்துக்கு கீழ 6 டிகிரி இறங்க 20, 25 நிமிஷம், 18 டிகிரி இறங்கி முழு இருட்டாக சுமாரா ஒன்னே கால் மணி நேரம். வெளிநாட்டுக்காரங்க வீடியோல ஒரு மணி நேரம் நீலமா இருக்கும்னு சொல்றத நம்பி டீ குடிக்க போயிடாதீங்க. இந்த நேரத்துல வர்ற ஆழமான நீலத்துக்கு மேல இருக்குற ஓசோனும் ஒரு காரணம், மஞ்சள் ஆரஞ்சு பக்கத்தை அது கொஞ்சம் உறிஞ்சிடுது.

இது போக ஊர் வெளிச்சமே இல்லாத ஜவ்வாது மலை மாதிரி இடத்துல அமாவாசைக்கு எடுத்தா வானமே லேசா பச்சையா வரும், வைட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையா எடுத்துக்கணும்ங்குற செட்டிங்) தப்புன்னு நெனச்சு மாத்திடாதீங்க, 100 கிலோமீட்டர் உயரத்துல ஆக்சிஜன் தானா வெளியிடுற வெளிச்சம் அது.

இப்ப செட்டிங். கேமரா மேனுவல் மோட், ரா பைல் (சென்சார் பதிஞ்சத அப்படியே வெச்சிருக்குற பைல், பின்னாடி கலர் மாத்த வசதி). லென்ஸ் கிட் லென்ஸே போதும், 18 எம்எம்ல வைங்க. அப்பர்ச்சர் ஊருக்குள்ள எஃப் 8, இருட்டான இடம்னா எவ்ளோ திறக்குமோ அவ்ளோ. இப்ப ஒவ்வொரு தடவையும் 4 நிமிஷம் வெயிட் பண்ணி கருப்பா வந்துடுச்சேன்னு அழ வேண்டாம், ஐஎஸ்ஓவ 6400 வெச்சு டெஸ்ட் எடுங்க. 6400ல 4 செகண்ட் சரியா வந்தா 100ல 256 செகண்ட், அதாவது 4 நிமிஷம் சொச்சம். 2 செகண்ட் போதும்னா 128 செகண்ட். 64 மடங்கு, அவ்ளோதான் கணக்கு. முஷ்டி கணக்குப்படி அந்த 256க்கு பதிலா 60 செகண்ட்தான் வேணும்னா ஐஎஸ்ஓ 400க்கு ஏத்தி அதே வெளிச்சத்தை வாங்கிக்கோங்க. 30 செகண்டுக்கு மேல போக பெரும்பாலான கேமராவுல பல்ப் மோட் (பட்டனை அமுக்கி வெச்சிருக்குற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்) வேணும், அதுக்கு லாக் ஆகுற ஒயர் ரிமோட் ஒண்ணு வாங்கிடுங்க, விரலை வெச்சு அமுக்கி புடிச்சுட்டு நின்னா படம் ஆடும்.

போக்கஸ் ஆட்டோல விட்டா இருட்டுல முன்னாடியும் பின்னாடியும் தேடிட்டே இருக்கும். லைவ் வியூல (பின்னாடி ஸ்கிரீன்ல பாக்குறது) தூரத்து செல்போன் டவர் செவப்பு லைட்டை 10 மடங்கு பெருசாக்கி பாத்து கையால போக்கஸ் பண்ணிட்டு ரிங்குல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க. லென்ஸ்ல முடிவிலி குறி போட்டிருந்தாலும் அத அப்படியே நம்பாதீங்க. வைட் பேலன்ஸ் ஆட்டோல வேண்டாம், ஆரஞ்சை எல்லாம் தப்புன்னு நெனச்சு அது சாம்பலா மாத்திடும், 3500ல இருந்து 4000 கெல்வின்ல நிறுத்துங்க, மிச்சத்தை வீட்ல பாத்துக்கலாம்.

ட்ரைபாட்ல வெச்சதும் லென்ஸ்ல இருக்குற ஆட்டத்தை குறைக்கிற ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணுங்க. நடு கம்பிய மேல தூக்காதீங்க. கழுத்து பட்டைய கழட்டுங்க, சாரல் காத்துல அது அடிச்சுக்கிட்டே இருக்கும். பேக்கை ட்ரைபாட்ல தொங்க விட சொல்லுவாங்க, காத்துல அதுவே ஊஞ்சல் ஆடும், தரைய தொடுற மாதிரி கட்டுங்க இல்லன்னா காலுக்கு செங்கல் வைங்க. மாடியில எடுக்குறவங்களுக்கு இன்னொண்ணு, எனக்கு ஒரு வாரம் எந்தப் படமும் ஷார்ப்பா வரல, லென்ஸ் போச்சுன்னு நெனச்சு கடைக்கு கொண்டு போகலாம்னு இருந்தேன், கடைசில பாத்தா நான் எடுக்குற அதே நேரத்துல அம்மா கீழ தண்ணி மோட்டார் போட்டுட்டு இருந்திருக்காங்க, பைப் வழியா தளமே அதிருது. நாமளும் பக்கத்துல நடக்கக் கூடாது, ஷட்டர் திறந்தா அசையாம உக்காந்துடணும். பழைய டிஎஸ்எல்ஆர்னா கண்ணு வெச்சு பாக்குற ஓட்டைய மூடிடுங்க, பின்னாடி இருக்குற தெரு லைட்டு அது வழியா உள்ள போயி படத்துல கறையா விழும். யுவி பில்டரையும் கழட்டிடுங்க, இல்லன்னா லைட்டு எல்லாம் ரெண்டா தெரியும்.

சூட்டுல சென்சார் நாய்ஸ் ரொம்ப வரும், செவப்பு நீலம்னு சின்ன சின்ன புள்ளி. கேமராவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் பண்ணா 2 நிமிஷ படத்துக்கு அப்புறம் இன்னும் 2 நிமிஷம் ஷட்டரை மூடி இருட்டை எடுத்து கழிக்கும், படம் சுத்தமா வரும் ஆனா நேரம் டபுள், அதுக்குள்ள நல்ல மேகம் போயிடும். அதனால நான் ஆஃப் பண்ணி வெச்சுட்டு கடைசியா லென்ஸ் மூடிய போட்டு அதே டைம், அதே ஐஎஸ்ஓல ஒரு கருப்பு படம் எடுத்து அப்புறமா கழிச்சுக்குவேன்.

ரிமோட் இல்லாதவங்களுக்கு வேற வழி இருக்கு. 30 செகண்ட்ல தொடர்ந்து பத்து படம் எடுங்க, சாப்ட்வேர்ல எல்லாத்தையும் சராசரி மோட்ல சேத்தா 5 நிமிஷம் ஷட்டர் திறந்த மாதிரி வந்துடும், நாய்ஸும் கம்மி. எவனாவது நடுவுல பைக் ஹெட்லைட்டை அடிச்சா அந்த ஒரு படத்தை தூக்கிப் போட்டுடலாம், சிங்கிள் எக்ஸ்போஷர்னா மொத்தமும் காலி. இப்படி சேக்க ஸ்டார்ஸ்டாக்ஸ்னு ஒரு சாப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது. லைட்டன் மோட்ல (எந்தப் படத்துல பளிச்னு இருக்கோ அத மட்டும் எடுத்துக்குறது) மட்டும் சேக்காதீங்க, அது நட்சத்திர கோட்டுக்கு, மேகத்துக்கு போட்டா படிக்கட்டு படிக்கட்டா வரும்.

நட்சத்திரம் புள்ளியா வேணும்னா 500ஐ லென்ஸ் எம்எம்ல வகுக்கணும், கிராப் சென்சார்னா (சைஸ் சின்ன சென்சார்) 18 எம்எம்ங்குறது 27 மாதிரி, 18 செகண்ட் தேறும். மேகமும் கோடா வேணும் நட்சத்திரமும் புள்ளியா வேணும்னா ஒரே படத்துல நடக்காது, நான் நட்சத்திரத்தை விட்டுடுவேன்.

சாயங்காலமே நீளமா எடுக்கணும்னாதான் என்டி பில்டர், லென்ஸ் முன்னாடி போடுற கருப்பு கண்ணாடி. 10 ஸ்டாப் பில்டர், அதாவது வெளிச்சத்தை 10 தடவ பாதி பாதியா குறைக்கிறது, போட்டா 1/15 செகண்ட் கிட்டத்தட்ட 68 செகண்ட் ஆகும். ஷட்டர் திறந்திருக்கும்போதே இருட்டிக்கிட்டே போகும், அதனால கணக்குல 2 நிமிஷம் வந்தா 3 நிமிஷம் வைங்க. விலை கம்மி பில்டர் எல்லாம் ஒரு கலர் ஏத்திவிடும், ராவுல எடுத்திருந்தா சரி பண்ணிடலாம்.

போன்ல முடியுமான்னா முடியும், ஆனா நைட் மோட்ல வேண்டாம், அது நிறைய சின்ன படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி மேகத்தை நிக்க வெக்க பாக்கும். ப்ரோ மோட் இருந்தா 30 செகண்ட், ஐஎஸ்ஓ 50, போன் ஸ்டாண்ட், டைமர். போன்ல அப்பர்ச்சர் பெருசுங்குறதால ஊருக்குள்ள வெளுத்துடும், அப்ப டைமை குறைச்சு நெறைய எடுத்து மேல சொன்ன மாதிரி சேருங்க.

கோடை மழை சமயத்துல, ஐப்பசி கார்த்திகைல தூரத்து மின்னலும் நல்லா வரும், ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 15 செகண்ட்னு விடாம எடுத்துட்டே இருந்தா ஒண்ணு மாட்டும், மேகத்துக்கு உள்ள மின்னினா உள்ள இருந்து விளக்கு போட்ட மாதிரி ஊதாவா இருக்கும். ஆனா மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல 30 செகண்டுக்கு கம்மியா இருந்தா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், ட்ரைபாட் மாடியிலயே கெடக்கட்டும், நீங்க கீழ போங்க.

எடிட்டிங்ல பெருசா ஒண்ணும் இல்ல, சாச்சுரேஷனை (கலரோட அழுத்தம்) ஏத்துறதுக்கு பதிலா வைட் பேலன்ஸை கொஞ்சம் நீலத்துக்கு தள்ளி பாருங்க, கலர் தானா பிரியும்.

எந்த நாள் போறதுன்னு கேட்டா காலண்டர்ல வளர்பிறை அஷ்டமி, நவமி பாருங்க. அன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு நிலா மேற்கு பக்கம் பாதி உயரத்துல இருக்கும், நீங்க கிழக்க பாத்து நின்னா முதுகுக்கு பின்னாடி இருந்து மேகத்து மேல வெளிச்சம் விழும், காத்தும் அதே பக்கம் இருந்து, நடுராத்திரிக்கு மேல நிலா இறங்கிடும். குடை ஒண்ணு எடுத்துட்டு போங்க, உங்களுக்கு இல்ல, கேமராவுக்கு.