குரோம்பேட்டை பக்கம், கே.கே. நகர் தூரம்: சென்னையில் கார் இல்லாதவர்கள் செய்யும் தவறுகள்

சைதாப்பேட்டைக்குக் குடிவந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. கார் வாங்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் இருந்தது, முதுகுவலி வந்ததும் அதையும் மைத்துனனிடம் தள்ளிவிட்டேன். மளிகை, மருந்து, பேங்க், டாக்டர், டெய்லர், கல்யாணம், காதுகுத்து எல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஆட்டோவிலும்தான் நடக்கின்றன. இப்போது சிரமமில்லை. முதல் இரண்டு வருடங்கள் படாதபாடு பட்டேன்; காரணம், கார் வைத்திருப்பவர் மாதிரியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கார்க்காரருக்கு எதுவும் கிலோமீட்டர் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து கே.கே. நகர் நாலைந்து கிலோமீட்டர், குரோம்பேட்டை பத்துக்கு மேல். அதனால் கே.கே. நகர்தான் பக்கம் என்று நினைத்து அங்கே ஒரு பல் டாக்டரைப் பிடித்தேன். வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வரச்சொன்னார். சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் இறங்கி, பச்சை வழித்தடத்துக்கு மாறி, அசோக் நகரில் இறங்கி, அங்கிருந்து நடை. கிழக்கே இருந்து மேற்கே போக, தெற்கே போய்ச் சுற்றி வந்தேன். நாலு தடவையும் அரை நாள் காலி. குரோம்பேட்டையோ மின்சார ரயிலில் ஏழாவது ஸ்டேஷன். உட்கார இடம் கிடைத்தால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். எனக்குக் குரோம்பேட்டைதான் பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் டாக்டர், ரத்தப் பரிசோதனைக் கூடம், டெய்லர், பேங்க் கிளை என்று அடிக்கடி போக வேண்டிய இடங்களை உங்கள் ரயில் தடத்திலோ, நேர் பஸ் போகும் சாலையிலோ தேர்ந்தெடுங்கள். பழகிய கிளை என்று அம்பத்தூரில் கணக்கை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் குடியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளையை மாற்றிக்கொள்ளலாமே. (போகிற அன்று இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை இல்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.) வாடகைக்கு வீடு பார்க்கும்போதும் "மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இங்கிருந்து மாறாமல் எங்கெல்லாம் போகலாம்" என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, ஆட்டோவைத் தலைகீழாகப் பயன்படுத்துவது. கிளம்பும்போது நேரமாகிவிட்டது என்று வெறுங்கையோடு ஆட்டோவில் போவோம். திரும்பும்போது, ஏற்கெனவே ஆட்டோவுக்குக் கொடுத்தாயிற்றே என்று இரண்டு கட்டைப் பைகளோடு பஸ்ஸில் தொங்குவோம். மாற்றிச் செய்யுங்கள். தி.நகருக்குப் போகும்போது ரயில். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் மேலேயே போய்விடலாம். துணி, பாத்திரம் எல்லாம் வாங்கி முடித்த பிறகு ஆட்டோ.

ஆட்டோ காசுக்காக மனசு நோவதும் ஒரு தவறுதான். 2013-ல் அரசு அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் மீட்டர் ஓடிப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். 150 ரூபாய் கேட்கிறாரே என்று கைக்குழந்தையோடு வெயிலில் நிற்பவர்கள், கார் இருந்திருந்தால் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங் வாடகை என்று மாதாமாதம் போயிருக்கும் பணத்தை நினைப்பதே இல்லை. நான் மாதம் 2,500 ரூபாயை ஆட்டோவுக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். அது தீரும்வரை கணக்குப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உற்சாகத்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் வாங்குவது. தினமும் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு அது நல்ல பேரம். வாரத்துக்கு மூன்று நாள் கடை கண்ணிக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. சராசரியாக ஒரு டிக்கெட் 15 ரூபாய் என்றால்கூட அறுபது தடவைக்கு மேல் ஏறினால்தான் போட்ட காசு வரும். பெண்களுக்கோ, 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு போட்ட சாதாரணப் பஸ்ஸில் டிக்கெட்டே இலவசம். பாஸுக்குப் பதில் சிங்காரச் சென்னை அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். மெட்ரோவில் 20 சதவீதம் தள்ளுபடி, மாநகரப் பஸ்ஸிலும் செல்லும், கண்டக்டரிடம் சில்லறைச் சண்டை மிச்சம்.

பஸ் நம்பரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். நம்பரோடு 'கட்' என்று போட்டிருந்தால் அது பாதி வழியோடு நின்றுவிடும். ஒருமுறை அம்மாவோடு அப்படி ஏறி, நடுவழியில் இறக்கிவிடப்பட்டு, அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். பஸ் எங்கே வருகிறது என்று 'சென்னை பஸ்' செயலியில் பார்க்கலாம். அது காட்டுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் முன்னே பின்னே வைத்துக்கொள்வது நல்லது.

மின்சார ரயிலில் பலர் மாட்டுவது டிக்கெட் விஷயத்தில். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, ரயில் வருகிற நேரத்தில் போனில் டிக்கெட் எடுக்கப் பார்ப்பார்கள். காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் உண்டு. அவசரத்தில் அப்படியே ஏறிப் பரிசோதகரிடம் சிக்கினால் குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம், டிக்கெட் காசு தனி. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதையும் மறந்துவிடுகிறோம். வீட்டில் எல்லோரும் வெளியே போகிற நாள் என்னவோ அதுதான்.

எல்லாவற்றுக்கும் நாமே போக வேண்டும் என்பதும் இல்லை. கரண்ட் பில், சொத்து வரி இரண்டுக்கும் இன்னமும் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுது போகவில்லை என்றுதான் அர்த்தம். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் தெருமுனை அண்ணாச்சி கடையில் சொன்னால் பையன் கொண்டுவந்து இறக்குவான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவில் விடுவதற்கு இது மேல்.

ஊருக்குக் கிளம்பும் உறவினரைப் பஸ் ஏற்றிவிடுவது தனிக் கலை. திருச்சி, மதுரை பக்கம் போகும் அரசு விரைவுப் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்தில்தான் புறப்படுகின்றன. இன்னும் கோயம்பேட்டை மனதில் வைத்துக்கொண்டு "எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து மாநகரப் பஸ் என்பதுதான் எங்கள் வழி. பெட்டிகள் மூன்றுக்கு மேல் என்றால் மட்டும் கார் வைப்போம்.

அப்பா அம்மா கூட இருந்தால் இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் வசிக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாநகரப் பஸ்ஸில் மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்கள், ஆறு மாதத்துக்குச் சேர்த்து. "நமக்கு எதுக்குப்பா இலவசம்" என்று அப்பா மூன்று வருடம் வாங்காமலே விட்டார். இப்போது டோக்கன் தீர்ந்துவிடக் கூடாதே என்று மாதக் கடைசியில் நடந்தே போகிறார்.