டிரேடு வதந்தி கிளம்பும்போது செகண்ட் பேஸ்மேனை எடைபோடுவது எப்படி?

ஜூலை பிறந்தால் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் டிரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம், பற்றிய வதந்திக்குப் பஞ்சமில்லை. நவம்பர், டிசம்பரில் இன்னொரு சுற்று. இரண்டு செகண்ட் பேஸ்மேன்களின் (இரண்டாம் பேஸ் அருகே நின்று ஃபீல்டிங் செய்பவர்கள்) பெயர் சேர்ந்து அடிபட்டால், பலர் பேட்டிங் ஆவரேஜையும் ஹோம் ரன்னையும் பார்த்து யார் உசத்தி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அணி நிர்வாகம் பார்ப்பது வேறு: இவர் இனிமேல் எத்தனை வெற்றி தருவார், எத்தனை வருஷம் நம் கையில் இருப்பார், அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் காகிதத்தில் நீங்களே போடலாம்.

முதலில் பேட்டிங். ஆவரேஜை ஒதுக்கிவிட்டு, பேட்டர் எவ்வளவு ரன் உருவாக்குகிறார் என்று காட்டும் டபிள்யூஆர்சி பிளஸ் (wRC+) என்ற எண்ணை எடுங்கள். லீக் சராசரி 100. 120 என்றால் சராசரியைவிட 20% கூடுதல். மைதானத்தின் தன்மையையும் அதிலேயே கழித்திருப்பார்கள், ஆகவே பேட்டிங்குக்குச் சாதகமான டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் ஆடுபவரையும் சியாட்டிலில் ஆடுபவரையும் தயங்காமல் பக்கத்தில் வைக்கலாம். ஒரு சீசனை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி மூன்று சீசன்களுக்கு 5, 4, 3 என்று எடை கொடுங்கள், அண்மையதற்கு 5. ஆட்ட எண்ணிக்கை குறைவாக இருந்தால் விடையைச் சராசரியான 100-ஐ நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். பாதி சீசனில் 140 காட்டியவர் மீதிப் பாதியிலும் 140 காட்டுவார் என்று நம்பித்தான் ஜூலையில் அணிகள் ஏமாறுகின்றன.

அடுத்தது பேபிப் (BABIP). ஹோம் ரன்னும் ஸ்டிரைக் அவுட்டும் போக, களத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்பதே இது. லீக் அளவில் .290 முதல் .300 வரை நிற்கும். ஒருவருடைய வழக்கமான அளவு .300 ஆக இருக்க, இந்த வருஷம் மட்டும் .360 என்றால் அதில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஃபீல்டிங். செகண்ட் பேஸில் கணக்கு அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓஏஏ, டிஆர்எஸ் என்று இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன (இந்த டிஆர்எஸ் கிரிக்கெட் ரிவ்யூ அல்ல, ஃபீல்டிங்கால் காப்பாற்றிய ரன்). ஓஏஏ (OAA) சராசரி ஃபீல்டரைவிட ஒருவர் கூடுதலாக எடுத்த அவுட்களை எண்ணுகிறது. இன்ஃபீல்டில் ஒரு அவுட்டைச் சுமார் 0.75 ரன்னாக மாற்றிக்கொள்ளலாம். டிஆர்எஸ் நேரடியாக ரன்னில் வரும், டபுள் பிளேயையும் (ஒரே பந்தில் இரண்டு அவுட்) தனியாகக் கணக்கில் சேர்க்கும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிழை. ஒரு வருஷத்து ஃபீல்டிங் எண் அடிக்கடி குதிக்கும், மூன்று வருஷத்தைச் சேர்த்தே பாருங்கள்.

இதில் ஒரு எல்லைக்கோடு உண்டு: 2023. அந்த ஆண்டு முதல் செகண்ட் பேஸின் இருபக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும், கால்கள் இன்ஃபீல்டின் வெளி எல்லைக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன் இடதுகை பேட்டருக்கு எதிராக ரைட் ஃபீல்டின் புல்லில் போய் நிற்கலாம். கால் வேகம் குறைந்தவரும் சமாளித்தார். இப்போது ஓடித்தான் பிடிக்க வேண்டும். எனவே 2023-க்கு முந்தைய ஃபீல்டிங் எண்ணை வைத்து இன்றைய விலையைப் பேசாதீர்கள்.

பேட்டிங், ஃபீல்டிங் இரண்டையும் சேர்த்து, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று சொல்வது 'வார்' (WAR) எனும் எண். 2 என்றால் சாதாரண முழுநேர வீரர், 4-க்கு மேல் ஆல்-ஸ்டார் தரம். பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி. இதைக் கணக்கிடும் இணையதளங்களில் ஃபேன்கிராஃப்ஸ் ஓஏஏ வழியிலும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் டிஆர்எஸ் வழியிலும் போவதால் ஒரே ஆளுக்கு இரண்டு விடை வரும். 2025-இல் சிகாகோ கப்ஸின் நிகோ ஹோர்னருக்கு ரெஃபரன்ஸ் 6-க்கு மேல் கொடுத்தது, ஃபேன்கிராஃப்ஸ் 5-க்குச் சற்றுக் கீழே. வதந்தியோடு வரும் எண் எந்தத் தளத்தினுடையது என்று பாருங்கள். ஒருவருக்கு இங்கிருந்தும் இன்னொருவருக்கு அங்கிருந்தும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. அதே 2025-இல் யாங்கீஸின் ஜாஸ் சிசம் 31 ஹோம் ரன், ஹோர்னர் 7 மட்டும். ஆனாலும் ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் இருவரும் நெருங்கி நிற்கிறார்கள், காரணம் ஹோர்னரின் கையுறை, அதாவது ஃபீல்டிங்.

ஆடும் இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஃபேன்கிராஃப்ஸில் முழு சீசனுக்கு ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5 ரன் கூடும், செகண்ட் பேஸுக்கு 2.5 கூடும், ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5 குறையும். செகண்ட் பேஸில் தடுமாறுபவரை ஃபர்ஸ்ட் பேஸுக்குத் தள்ளினால் பேட்டிங் மாறாமலேயே 15 ரன், அதாவது ஒன்றரை வெற்றி, ஏட்டிலிருந்து போகிறது. மோசமான ஃபீல்டிங் நின்றதால் அதில் ஒரு பகுதி திரும்பி வரலாம். லூயிஸ் அராயெஸ் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் மூன்று வெவ்வேறு அணிகளில் பேட்டிங் பட்டம் வென்றவர். ஆனால் 2024-இல் 4 ஹோம் ரன், சொற்ப வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச பேஸ்), பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸும், ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்யும் டிஹெச் இடமும். வார் 1-ஐ ஒட்டித்தான் வந்தது. நேர்மாறாக, 2024 ஜூலையில் சிசமை மயாமியிடமிருந்து வாங்கிய யாங்கீஸ், செகண்ட் பேஸில் கிளேபர் டோரஸ் இருந்ததால் அவரைத் தேர்ட் பேஸில் நிறுத்தியது. இப்படி இடம் மாறி ஆட முடிந்தவரைக் கேட்கும் அணிகளின் எண்ணிக்கையே கூடும்.

இனி பணம். ஒரு வெற்றிக்குச் சந்தை விலை என்று ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். 80 முதல் 90 லட்சம் டாலர் வரை பலரும் வைக்கிறார்கள். முப்பதைத் தாண்டியவருக்கு வருஷத்துக்கு அரை வெற்றி குறையுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' வயது 31, மூன்று வருஷ ஒப்பந்தம் மீதி, வருஷம் 1.8 கோடி டாலர். எதிர்பார்ப்பு 3.5, 3.0, 2.5, ஆக 9 வெற்றி. 85 லட்சம் வீதம் 7.65 கோடி. சம்பளம் 5.4 கோடி போக மிச்சம் 2.25 கோடி. 'ஆ' வயது 26, வருஷத்துக்கு 2.5 வெற்றி, மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன் (உடன்பாடு இல்லாவிட்டால் நடுவர் முடிவுசெய்யும்) சம்பளம் 40, 70, 100 லட்சம் டாலர். மதிப்பு 6.375 கோடி, சம்பளம் 2.1 கோடி, மிச்சம் 4.275 கோடி. களத்தில் 'அ' மேல், டிரேடு மேஜையில் 'ஆ'வுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை.

எத்தனை வருஷம் மீதி என்பதற்கு சர்வீஸ் டைம், அதாவது மேஜர் லீக்கில் கழித்த காலம், பாருங்கள். 172 நாள் சேர்ந்தால் ஒரு வருஷம், பொதுவாக மூன்று முடிந்தால் ஆர்பிட்ரேஷன், ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்சி (எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம்). வாங்கும் அணி சம்பள வரி வரம்பை (2025-இல் 24.1 கோடி டாலர்) மூன்றாம் வருஷமாகத் தொடர்ந்து தாண்டினால், மிஞ்சிய தொகைக்குக் குறைந்தது 50% வரி. அந்த அணிக்கு 1 கோடி சம்பளக்காரர் உண்மையில் 1.5 கோடி.

ஜூலை இறுதி டிரேடில் சீசனில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். முழு வருஷத்துக்கு 3 வெற்றி தருபவர் 1 வெற்றிதான் தருவார். சீசன் நடுவே வாங்கப்பட்டவருக்குப் புதிய அணி குவாலிஃபையிங் ஆஃபர் (ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகிறவருக்கு அவர் அணி தரும் ஒரு வருஷ ஒப்பந்த அழைப்பு) கொடுக்க முடியாது. அவர் போனால் ஈடாக டிராஃப்ட் பிக்கும் (புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) வராது. விற்கும் அணியோ அந்த ஆஃபர் கொடுக்கும் தகுதி தன்னிடம் இருந்தால், அதனால் வரக்கூடிய பிக்குக்குக் குறைவான எதற்கும் இறங்காது.

கடைசியாக வதந்தியைச் சலிக்க வேண்டும். பத்து வருஷம் மேஜர் லீக்கிலும், அதில் கடைசி ஐந்தை ஒரே அணியிலும் கழித்தவர் டிரேடை மறுக்கலாம். ஒப்பந்தத்திலேயே மறுப்புரிமை எழுதி வாங்கியவர்களும் உண்டு. வாங்குவதாகச் சொல்லப்படும் அணியில் செகண்ட் பேஸ் காலியா, ஷார்ட்ஸ்டாப் ஒருவர் அங்கே நகரத் தயாராக நிற்கிறாரா என்று பாருங்கள். "பல அணிகள் விசாரித்தன" என்ற செய்தி பெரும்பாலும் விற்பவர் பக்கமிருந்து கசிவது. பதிலுக்குக் கேட்கும் இளம் வீரரின் பெயரோடு வரும் செய்திக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். அதுவும் மருத்துவ அறிக்கைகளை இரு தரப்பும் பார்த்து முடிக்கும்வரை உறுதியில்லை.